முரடியில் ஓர் ஓட்டை

ஓட்டைதான், சந்தேகமே இல்லை. கோகிலவாணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்தால் ஓட்டை அடைபட்டுவிடுமா என்ன, அது இருந்த இடத்திலேயே இருந்தது, காம்பஸ் வைத்து வரைந்த வட்டமாக, சுத்தமாக, கடலையின் விலாவில். வண்டு வெளியே வந்த வாசல். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவள் இந்த வாசலின் கதையைச் சொல்வாள்: தாய் வண்டு கடலைமேல் முட்டையை ஒட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும், முட்டையிலிருந்து புழு நேராகத் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும், உள்ளேயே தின்று உள்ளேயே வளர்ந்து, வண்டாகி, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். வெள்ளைக் கொண்டைக்கடலையில் வரும், கடையில் விற்கிற சாதாரணக் கருப்புக் கொண்டைக்கடலையில் வரும், அவள் உருவாக்கிய முரடிக் கடலையில் வராது. வராது என்பதுதான் அவள் கட்சி. போன வருஷம் இதே மேஜையில், இதே மாதிரி ஜாடியில், முரடிக்குள்ளிருந்து ஒரு வண்டுகூட வரவில்லை. புது ரகங்களைத் தேர்வு செய்கிற குழுவுக்கு முன்னால் நின்று ‘பூஜ்யம்’ என்று அவள் சொன்னபோது குரலில் கொஞ்சம் திமிர்கூட இருந்தது, இருக்கட்டுமே, உழைத்தவளுக்குத் திமிர் இருந்தால் யார் குடி முழுகிவிடும். இன்றைக்கு அந்தக் குழு திரும்பவும் வருகிறது. வந்து பார்த்துச் சரி என்று தலையாட்டினால் முரடி வயலுக்குப் போவாள், உடுமலைப் பக்கத்துக் கரிசலில் விதையாக விழுவாள். இல்லையென்றால் குளிர் அறையில் அலுமினியப் பைக்குள் போய்ப் படுப்பாள். அங்கே படுத்தது எதுவும் எழுந்து வந்து கோகிலவாணி பார்த்ததில்லை.

குழு இப்போது விருந்தினர் விடுதியில் டீ குடித்துக்கொண்டிருக்கும். அது முடிந்து, பருத்தி வயலை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் வருவார்கள். வெயில் ஜன்னல் கம்பி வழியாக மேஜையில் பாதிக்கு வந்திருந்தது. அறையில் அந்த வாடை, வருஷக்கணக்காக அவள் புடவையிலும் கைப்பையிலும் ஏறிக்கிடக்கிற வாடை, ஈரமாவும் பழைய சாக்கும் கலந்தது. வெளியாட்கள் உள்ளே வந்ததும் மூக்கைச் சுளிப்பார்கள், அவளுக்கு அது தெரிவதே இல்லை. ஒரு பக்கம் வண்டு வளர்க்கிற டப்பாக்கள், தட்டைப்பயறு போட்டுப் போட்டுச் செல்லமாக வளர்க்கிறார்கள், ஊரே கொல்லப் பார்க்கிற ஜீவனை உட்கார வைத்துச் சோறு போடுகிற வேலை இது, அதற்குச் சம்பளமும் உண்டு. இந்தப் பக்கம் ஜாடிகள், வாயில் மல்துணி கட்டி ரப்பர் பேண்ட் போட்டவை. வெள்ளைக் கடலை ஒரு வரிசை, முரடி ஒரு வரிசை. முரடி என்பது லேபில் கூட வேலை செய்கிற செல்லாத்தாள் வைத்த பேர். ரிஜிஸ்டரில் அதற்கு எழுத்தும் எண்ணுமாக ஒரு பேர் இருக்கிறது, அதைச் சொல்லி யாரும் அதைக் கூப்பிடுவதில்லை. சின்னக் கடலை, கரிய தோல், தோலெல்லாம் சுருக்கம், விரலில் வைத்து உருட்டினால் உருளாமல் முரண்டு பிடிக்கும். கலப்புச் செய்து, பிரித்து, பிரித்ததிலிருந்து பிரித்து, ஒரு கைப்பிடி ஒரு பையாகிறதுக்குள் கோகிலவாணியின் தலைமுடியில் முன்பக்கம் வெளுத்துவிட்டது. அழகில் வெள்ளைக் கடலைக்குப் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் அழகைக் கொண்டு போய் வண்டிடம்தான் கொடுக்க வேண்டும்.

ஒரே ஒரு ஓட்டை. இடுக்கி கைக்கெட்டுகிற தூரத்தில் கிடந்தது. அந்த ஒரு கடலையை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டால் வேலை முடிந்தது, ஜாடி மறுபடி சுத்தம், பூஜ்யம் மறுபடி பூஜ்யம். சே, என்ன புத்தி இது, என்று அவள் தன்னையே அதட்டிக்கொண்டாள், அதட்டிய பிறகும் கண் இடுக்கியிலேயே இருந்தது. எடுக்கப் போவதில்லை, நிச்சயமாக எடுக்கப் போவதில்லை, ஆனால் எடுத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்ப்பதில் தப்பென்ன. யாருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்தால் என்ன, அவளுக்கு எத்தனையோ தெரியும், எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு சாப்பிட்டுத் தூங்கவில்லையா. ஒருவேளை வேறு ஜாடிக் கடலை ஒன்று கை தவறி இதில் விழுந்திருக்கலாம். அதெப்படி விழும், கருப்பு, சுருக்கம், முரண்டு, பெற்ற தாய்க்கு முகம் தெரியாதா. அவள் ஜாடியைத் தட்டில் கவிழ்த்தாள். பரப்பினாள். இன்னொரு ஓட்டை. அப்புறம் ஓரத்தில் இன்னொன்று. சரி, இப்போது இடுக்கிக்கும் வேலையில்லை. ஒன்றை எடுக்கலாம், வரிசையாகப் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. அதுவே ஒரு நிம்மதியாகவும் இருந்தது. வண்டு முட்டை ஒட்டிய அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். இந்த வருஷம் முரடிமேல் முட்டை நிறைய, வெள்ளை வெள்ளையாகப் புள்ளி வைத்திருந்தது. போன வருஷம் அப்படி இல்லை. வைக்கட்டும், உள்ளே போக முடியாமல் சாகப் போகிறது என்று அப்போது தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள், சமாதானம் சொல்லிக்கொள்வதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

கடலையில் வண்டு வந்தால் அவளுக்கு ஏன் இப்படி உடம்பு சுடுகிறது என்று புருஷன் சென்னியப்பனுக்கு மட்டும் தெரியும். கல்யாணமாகி வந்த முதல் சரஸ்வதி பூஜை. பொள்ளாச்சியில் மாமனார் வீடு, கூடம் நிறையச் சொந்தக்காரர்கள், சுண்டலை நானே செய்கிறேன் என்று புதுமருமகள் தானாக வாயைக் கொடுத்தாள். ஆடியில் வாங்கி டப்பாவில் போட்டு வைத்த கடலை. ஊறவைத்தபோது சிலது மிதந்தது, மிதந்ததை எடுத்துப் போட்டாள், மிதக்காததை நம்பினாள். தாளித்துத் தேங்காய் போட்டு வாழையிலைத் துண்டுகளில் வைத்துக் கொடுத்த பிறகுதான் யாரோ ஒருவர் கடலையைப் பிளந்து பார்த்தார். அப்புறம் ஆளுக்கொருவராகப் பிளந்து பார்த்தார்கள். மாமியார்தான் சிரித்துக்கொண்டே சொன்னார், பூச்சியைப் பற்றிப் படித்த மருமகள் பூச்சியையே சமைத்துப் போட்டுவிட்டாள் என்று. எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள், உள்ளே செத்துக்கொண்டிருந்தாள். சென்னியப்பன் சிரிக்கவில்லை. ஒன்றும் நடக்காதவன்போல இலையில் இருந்ததை ஒன்று விடாமல் சாப்பிட்டான், இன்னும் கொஞ்சம் வை என்று இலையை நீட்டினான். அன்றைக்கு அவன்மேல் வந்த பிரியம் இன்றுவரை குறையவில்லை, பைசா பெறாத விஷயங்களுக்கெல்லாம் அவனோடு சண்டை போட்ட பிறகும் குறையவில்லை. அந்தப் பூஜைக்கும் இந்த ஜாடிக்கும் சம்பந்தமில்லை என்றுதான் யாரிடமும் சொல்வாள். சம்பந்தமில்லாமலா. உடுமலைப் பக்கம் களத்துமேட்டிலேயே கடலையை வியாபாரிக்கு அள்ளிக் கொடுத்துவிடுகிறார்கள், வைத்திருந்து விற்கலாமே என்றால், வைத்திருந்தால் வண்டுதான் விற்கும் அம்மிணி என்கிறார்கள். அவர்களுடைய முகத்திலும் அந்தக் கூடத்தில் அவளுக்கு வந்த அதே சிரிப்பு.

பூஜ்யத்தைப் போன வருஷமே நம்பாத ஆள் ஒருவர் குழுவில் இருந்தார். புருஷோத்தமன், தலைவர், மெலிந்த உருவம், அதட்டிப் பேசமாட்டார், அதுதான் பயம். மற்றவர்கள் பாராட்டி முடித்த பிறகு, பூச்சியே இல்லை என்றால் கடலை நன்றாக இருக்கிறதென்று அர்த்தமா, சோதனை சரியில்லை என்று அர்த்தமா என்று கேட்டார். இன்னொரு வருஷம் பாருங்கள் என்றார். அவளுக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. முரடியின் தோலைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தாள், தடிப்பைச் சொன்னாள், சுருக்கத்தைச் சொன்னாள், அதோடு விட்டாளா, கடலையை வெளிச்சத்தில் உருட்டிக் காட்டி, அதன் இயற்கையான மினுமினுப்பைப் பாருங்கள், அதில் முட்டையே ஒட்டாது என்றாள். வீட்டுக்கு வந்து சென்னியப்பனிடம் பொரிந்து தள்ளினாள். அவன் மோட்டார் காயில் கட்டுகிறவன், சாப்பாட்டுத் தட்டைவிட்டுத் தலையைத் தூக்காமலே, எந்த மோட்டாரிலும் கோளாறே காட்டாத மீட்டரைத்தான் தான் முதலில் கழற்றிப் பார்ப்பதாகச் சொன்னான். யார் கட்சி நீ என்று கேட்டுவிட்டு அன்றைக்கு அவனுக்கு மோர் ஊற்றாமல் எழுந்து போனாள். இப்போது தட்டில் ஓட்டை ஓட்டையாகக் கிடக்கிற முரடியைப் பார்க்கப் பார்க்க அந்த மோர் ஞாபகம் வந்தது, பாவம், வெறும் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டான். போன வருஷம் பூஜ்யம், இந்த வருஷம் ஓட்டை. அதே கடலை, அதே வண்டு, அதே அறை. என்ன மாறியது. தண்ணீரா, வெயிலா, இவளா. நினைப்பு செக்குமாடாக அதே இடத்தைச் சுற்றியது, என்ன மாறியது, என்ன மாறியது.

செல்லாத்தாள் கழுவிய தட்டுகளை அடுக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். கோகிலவாணி வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இந்த லேபில் இருப்பவள், விதை காயவைப்பது, புடைப்பது, வண்டுக்குத் தீனி போடுவது எல்லாம் அவள் கை. பரப்பிக் கிடந்த கடலையையும் பார்த்தாள், அதன்முன்னால் உட்கார்ந்திருந்த முகத்தையும் பார்த்தாள்.

“ஏனுங் அம்மிணி, முரடிலயும் வந்துருச்சுங்களா?” என்றாள். “வராம என்ன பண்ணுமுங். போன வருசமாட்ட நான் வெளக்கெண்ணெயத் தொட்டுப் பெசறி வெச்சிருந்தா வந்திருக்காது. நீங்கதான் இந்த வருசம் வெதையப் பீரோவுல வெச்சுப் பூட்டிப் போட்டீங்களே.”

எண்ணெயா, எந்த எண்ணெய், என்று கோகிலவாணி கேட்டது அவள் காதுக்கே தூரத்தில் கேட்டது. செல்லாத்தாள் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னாள். போன வருஷம் அறுவடையில் வந்ததே கொஞ்சம் விதை, அம்மிணி அத்தனை வருஷம் பாடுபட்டது, இந்த அறையிலோ திரும்பின பக்கமெல்லாம் வண்டு. வீட்டில் துவரைக்குச் செய்கிற மாதிரி உள்ளங்கையில் எண்ணெயைத் தொட்டுப் பிசறி, நிழலில் ஆற வைத்து, பையில் கட்டி வைத்திருக்கிறாள். ஜாடியில் போடவும் அதே பையிலிருந்துதான் விதை எடுப்பார்கள் என்று அவள் நினைக்கவில்லை. சொல்லச் சொல்லத்தான் அவளுக்கே என்னவோ உறைத்தது, குரல் இறங்கியது, தப்பாகிவிட்டதா என்று கேட்டாள். கோகிலவாணி கையைக் காட்டினாள், கொஞ்சம் இருங்கள் என்பதுபோல. செல்லாத்தாள் தட்டுகளை வைத்துவிட்டுக் கதவோரம் போய் நின்றாள்.

விளக்கெண்ணெய். அப்படியானால் அந்த மினுமினுப்பு. ஐயோ, வெளிச்சத்தில் உருட்டிக் காட்டினாளே, இத்தனை பெரிய மனிதர்கள் முன்னால், எண்ணெய்ப் பளபளப்பைத் தூக்கிப் பிடித்து இயற்கை இயற்கை என்று முழங்கினாளே. எண்ணெய் பூசிய கடலைமேல் முட்டை சரியாக ஒட்டாது, ஒட்டினாலும் பொரியாது, இது முதல் வருஷப் பாடம், பிள்ளைகளுக்கு அவளே நடத்துகிற பாடம். விரலில் பிசுக்குக்கூடத் தெரியவில்லையா. தெரிந்திருக்கும். முரடியின் தோல் அப்படி என்று விரலும் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கும், எஜமானிக்கேற்ற விரல். அப்போ பூஜ்யம் முரடியோடது இல்லை. பூஜ்யம் இல்லையென்றால் முரடி யார். ஒன்றுமில்லையா, மற்றக் கருப்புக் கடலைகளில் இன்னொன்றா, இத்தனை வருஷமும் ஒரு சுருக்கத்தைக் கட்டிக்கொண்டு அழுதாளா. கையைத் துடைக்க எதையோ தேடினாள், கையில் ஒன்றும் இல்லை. வெளியே ஜீப் ஏதோ கிளம்புகிற சத்தம், வருகிறார்கள், இல்லை, அது தண்ணீர் வண்டி. செல்லாத்தாளைத் திட்டலாம். திட்டி என்ன ஆகப்போகிறது, இந்த உலகத்தில் முரடியைத் தன்னைவிட ஒருபடி அதிகமாக நேசித்த ஒரே ஆள் அவள்தான், பெற்ற பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்த மாதிரி தேய்த்துவிட்டாள். எழுந்துவிடலாம்போல இருந்தது, தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம், ஆனால் எழுந்து எங்கே போவது, ஜாடி இங்கேதான் இருக்கும். ஏதாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது, வெள்ளைக் கடலை ஜாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சூடு. உள்ளே வண்டுக் கூட்டம் புழங்கிப் புழங்கி ஜாடி வெதுவெதுவென்று சுட்டது. முரடியின் இன்னொரு ஜாடி, திறக்காதது, பக்கத்தில் இருந்தது. அதைத் தொட்டாள். சில்லென்று இருந்தது.

கையை எடுக்கவில்லை. இந்தக் கை அதில், அந்தக் கை இதில். இரு, கோகிலா, என்று தனக்கே சொல்லிக்கொண்டாள், சென்னியப்பன் சொல்கிற குரலில். ஒரே நாளில்தானே வண்டு விட்டாய் இரண்டிலும். வெள்ளைக் கடலையில் போட்ட வண்டின் பேரன்பேத்திகளே கிழடாகிவிட்டன, அடியில் கடலை எது மாவு எது என்று தெரியவில்லை. முரடியில் முதல் வண்டு இப்போதுதான் கதவைத் திறக்கிறது. போன வாரம் பார்த்தபோது ஒரு ஓட்டையும் இல்லை. அவள் தட்டைக் கிளறினாள், இந்தத் தடவை பயந்துகொண்டு அல்ல, தேடிக்கொண்டு. வெளியே வந்த வண்டுகள் அங்கேயே கிடந்தன, ஒன்று மட்டும் காலை அசைத்தது. லென்ஸை இழுத்துப் பிடித்தாள். எவ்வளவு சின்னது, நோஞ்சான், அவள் வளர்க்கிற வண்டில் பாதிகூட இல்லை, இறக்கை சரியாக மூடவில்லை. ஒரு கடலையை உடைத்தாள். உள்ளே புழு, வளராத புழு, செத்துக் காய்ந்தது. இன்னொன்று. அதிலும் செத்தது. முட்டை வைத்தது, பொரிந்தது, தோலைத் துளைத்து உள்ளேயும் போனது. போய்ச் சாப்பிட உட்கார்ந்தது, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. தோல் இல்லை, தோலே இல்லை, இத்தனை வருஷம் தோலைப் பார்த்துக்கொண்டிருந்தாளே, விஷயம் பருப்பில் இருக்கிறது. எண்ணெய் போன வருஷம் கதவையே சாத்திவிட்டது, அதனால் வீட்டுக்குள் என்ன இருக்கிறதென்று யாருமே பார்க்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணிலும் ஏதோ வந்தது. பூஜ்யம் வேண்டும் என்று யார் கேட்டார்கள், உடுமலைக்காரர்கள் கேட்டார்களா. களத்துமேட்டிலிருந்து ஆடி வரைக்கும் தாங்கினால் போதும் அவர்களுக்கு. தாங்கும். முரடி தாங்குவாள். இது திமிர் இல்லை, அல்லது இதுவும் திமிர்தான், ஆனால் கையில் பிடித்துப் பார்த்த திமிர். அவள் எழுந்து, தட்டில் கொட்டியது எதையும் அள்ளாமல், ஓட்டைகள் மேலே தெரிகிறபடி விரலால் ஒதுக்கி வைத்தாள். உடைத்த கடலைகளைப் பக்கத்தில் வைத்தாள். லென்ஸை அதன்மேல் வைத்தாள்.

அவர்கள் வந்தபோது செருப்புச் சத்தத்தோடு அறை நிறைந்துவிட்டது. ஒருவர் மூக்கைச் சுளித்தார், வாடை. புருஷோத்தமன் யாரையும் பேசவிடாமல் நேராகத் தட்டுக்கு வந்து குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது முகத்தில் ஜெயித்த களை எதுவும் இல்லை, கொஞ்சம் வருத்தம்தான் இருந்தது, அது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

“போன வருஷம் பூஜ்யம்னு சொன்னீங்களேம்மா.”

“போன வருஷத்துப் பூஜ்யம் விளக்கெண்ணெயோடதுங்க சார்,” என்றாள் கோகிலவாணி. “இதுதான் கடலையோடது.”

அவள் நடந்ததைச் சொன்னாள், மினுமினுப்பையும் விடாமல் சொன்னாள், பின்னால் யாரோ சிரித்தார்கள், சிரிக்கட்டும் என்று அவர்களோடு அவளும் கொஞ்சம் சிரித்தாள், இந்தத் தடவை உள்ளே ஒன்றும் சாகவில்லை. யார் எண்ணெய் தடவியது என்று ஒருவர் கேட்டார். எங்கள் லேபில் தடவியது, விதையைக் காப்பாற்றத் தடவியது, தடவியதா என்று நான் கேட்டிருக்க வேண்டும், என்று சொல்லி அந்தக் கேள்வியை அங்கேயே முடித்தாள். பிறகு புருஷோத்தமனின் ஒரு கையில் வெள்ளைக் கடலை ஜாடியும் இன்னொரு கையில் முரடி ஜாடியும் கொடுத்தாள். அவர் சூட்டையும் குளிர்ச்சியையும் பிடித்துக்கொண்டு நின்றார். இதிலிருந்து வருகிற வண்டு முட்டை வைக்குமா என்று கேட்டார். இன்றைக்குத்தான் வந்திருக்கிறது, தெரியாது, தெரியாததைச் சொல்ல மாட்டேன் என்றாள். போன வருஷம் அவள் வாயில் வராத வார்த்தை அது, எவ்வளவு சுலபமாக வந்தது. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், செத்த புழுக்களை ஒவ்வொன்றாக லென்ஸில் பார்த்தார், கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“உடுமலையில் போடுங்க,” என்றார். “விளைஞ்சதை அவங்க வீட்டிலேயே, அவங்க மூட்டையிலேயே வெச்சுப் பார்ப்போம். ஆடி மாசம் நானே வந்து மூட்டையில கை விட்டுப் பார்க்கிறேன்.”

அவர்கள் போய், செருப்புச் சத்தம் வராந்தாவைத் தாண்டிய பிறகும் கோகிலவாணி நின்ற இடத்திலேயே நின்றாள். கதவுக்குப் பின்னால் இருந்து செல்லாத்தாள் வந்தாள், அழுது முகம் வீங்கியிருந்தது. முரடி வயலுக்குப் போகிறாள் அக்கா, என்று கோகிலவாணி சொன்னாள். செல்லாத்தாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தட்டில் கிடந்த ஓட்டைக் கடலையையும், மூலையில் பூட்டிய பீரோவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“மிச்சம் இருக்கற வெதைக்கு இனி எண்ணெய் தடவலாமுங்களா அம்மிணி?”

கோகிலவாணி இடுப்பில் செருகியிருந்த பீரோச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

“தடவுங்கக்கா. எங்கிட்டச் சொல்லிட்டுத் தடவுங்க.”